இரண்டு நூல் அபேஸ்

அபேஸ் என்னும் சொல்லுக்குச் சென்னை மாநகரில் இரண்டு பொருள் உண்டு. நகரின் பெரும்பகுதியில் அது களவைக் குறிக்கும். பேருந்தில் பணப்பையைப் பறிகொடுத்தவர், 'எவனோ அபேஸ் பண்ணிட்டான்' என்பார். ஆனால் இராயபுரத்துத் துறைமுக வாயிலில் தொடங்கி எண்ணூரின் சாம்பல் குளங்கள் வரையில், பாரம் ஏற்றி இறக்கும் கலாசிகளிடையே அச்சொல்லுக்கு 'மேலே ஏற்று' என்பது பொருள். 'ஆரியா' என்றால் கீழே இறக்கு. 'பஸ்' என்றால் நிறுத்து. இம்மூன்று சொற்களுக்குக் கட்டுப்பட்டே அப்பகுதியின் இரும்பெல்லாம் மேலெழுந்து கீழிறங்கி வருகிறது. 'தூக்கு' என்ற சொல் கலாசிகளின் வாயில் வருவதில்லை. அது தூக்குமேடையை நினைவூட்டும் சொல்லென்றும், பாரத்தின் அருகில் நின்றுகொண்டு அதைச் சொல்லலாகாதென்றும் அவர்கள் நம்புகிறார்கள்.

முதற்பொருளை மட்டுமே அறிந்த ஒருவரின் காதில் இரண்டாம் பொருள் விழுந்தமையால், 2005ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் வியாசர்பாடி எம்.கே.பி. நகரைச் சேர்ந்த ஒரு குடும்பம் நான்கு நாள்கள் நிம்மதி இழந்தது.

மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில் ஓர்ன்வால் என்னும் சுவீடன் நாட்டு நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. மின்நிலையங்களுக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வேண்டிய கொதிகலன் உருளைகளை அது செய்து கொடுத்தது. சுவீடன் என்பது ஊரார் நாவில் நிற்காததால் அதற்கு 'ஸ்வீட்டு கம்பெனி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. இரமாபாய் அங்கே முதலில் தரை கூட்டும் ஒப்பந்தப் பெண்ணாகச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருந்த அவளை, பெண்களையும் இயந்திரப் பணிகளில் அமர்த்தும் புதிய திட்டத்தின்கீழ் நிறுவனம் தேர்ந்தெடுத்தது. அப்படித் தேர்வான நால்வரில் ஒருத்தி திருமணமாகிச் சென்றுவிட்டாள். இருவர் கிடங்குக் கணினிக்கு மாறிவிட்டனர். முப்பது அடி உயரத்தில் கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கூண்டுக்குள் பதினான்கு மாதங்கள் தாக்குப் பிடித்தவள் இரமாபாய் ஒருத்தியே. அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு இறுதித் தேர்வு. அதில் தேறினால் நிரந்தரப் பணி.

அவள் கணவன் பரசுராமன் அதே தொழிற்சாலையில் ஒப்பந்தக் கலாசி. உருளைக்குக் கம்பிவடம் மாட்டிவிட்டுக் கீழிருந்து கிரேனுக்குக் குறிப்புச் சொல்வது அவன் வேலை. நிறுவனத்தின் ஆள்களுக்கு வெள்ளைத் தலைக்கவசம், ஒப்பந்தத்தாருக்கு மஞ்சள். மனைவி வெள்ளையிலும் கணவன் மஞ்சளிலும் காலையில் ஒரே பேருந்தில் வந்து இறங்கும் காட்சி மற்றக் கலாசிகளுக்கு ஓயாத விருந்து.

"இன்னா மாமு, மேலயும் அவங்க உத்தரவு, ஊட்லயும் அவங்க உத்தரவா?" என்று கேட்பார்கள்.

"இங்கயாவது நான் சொல்றத அவ கேக்கறாடா. ஊட்ல அதுவும் கெடையாது" என்பான் பரசுராமன்.

மூன்றாம் கூடத்தின் தூணில் 'பன்முகத்தன்மையே நம் பலம்' என்ற வாசகத்துடன் இரமாபாயின் வண்ணப்படம் ஒட்டப்பட்டபோது, பன்முகம் என்றால் என்னவென்று ஒருவன் கேட்டான். "பத்து மூஞ்சி. இராவணன் மாரி" என்று விளக்கினான் பரசுராமன். "ஒண்ணு ஷிப்டுக்கு போவும், ஒண்ணு அடுப்பாண்ட நிக்கும், ஒண்ணு லாரித்தண்ணி புடிக்கும். சரியாத்தான் போட்டுக்கீறான்."

அந்தச் சுவரொட்டிக்குக் கீழே வேறொரு தாளும் இருந்தது. கிரேனுடன் பேசும் கம்பியில்லாக் கருவியில் ஒப்புதல் பெற்ற மூன்று சொற்களை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றது அது: ஏற்ற ஹாய்ஸ்ட், இறக்க லோயர், நிறுத்த ஸ்டாப். உலகெங்கும் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் அனைத்திலும் அவையே சொற்கள். மீறினால் கிரேன் ஏறும் தகுதி பறிபோகும். கிரேன் ஓட்டுநர் அனைவரும் அதில் கையெழுத்திட்டிருந்தனர். ஆயினும் மழை பெய்து தகரக்கூரை முழங்கும் வேளையில், 'ஹாய்ஸ்ட்' என்ற சொல் வாயை விட்டு வெளியேறும் முன்பே கரைந்து போயிற்று. 'ஆரியா' அப்படியன்று, நீட்டிக் குரல் கொடுத்தால் அது கூரையை எட்டும். எனவே அதிகாரிகள் இருக்கையில் ஆங்கிலமும், இல்லாதபோது துறைமுகப் பேச்சும் என்று கூடம் ஓர் ஒழுங்கில் நடந்துவந்தது. இது அறியாதவர் கூடத்தில் ஒருவரும் இல்லை. அறிந்தவர் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் மழை அடித்தது. பரசுராமன் ஓர் உருளைக்கு வடம் மாட்டி முடித்த நேரம், கூடத்தின் மேலாளர் குடையை மடக்கிக்கொண்டு உருளையின் ஓரமாக நடந்து போனார். பாரத்தின் அடியிலும் அருகிலும் எவரும் இருக்கக் கூடாதென்பது கலாசிகளின் முதல் விதி.

"அபேஸ் பண்ணட்டா?" என்று கருவியில் கேட்டாள் இரமாபாய்.

"தோ இரு. மேனேஜர் போய்க்கட்டும்."

"போய்ட்டாரா?"

"போய்ட்டாரு. இப்ப பண்ணு. அலுங்காம அபேஸ் பண்ணு. யாரும் இல்ல."

வாயிலருகே கட்டுப்பாட்டு அறையில், புதிதாக வந்த காவல் நிறுவனத்தின் ஊழியர் மாசானம் தம் கருவியில் இந்த உரையாடலைக் கேட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினேழு நாள்களே ஆகியிருந்த அவர், கேட்பதை உடனுக்குடன் பதிவேட்டில் எழுதிவைக்கும் கடமையுணர்வு கொண்டவர். ஒரு சொல்லும் விடாமல் எழுதினார். அன்று மாலை, மூன்றாம் கூடத்தின் கதவோரம் இருந்த பெட்டியில் ஆறு பித்தளை வால்வுகள் குறைவது தெரியவந்தது.

புதன்கிழமை காலை வாயிலில் பரசுராமனின் நுழைவு அட்டை நிறுத்திவைக்கப்பட்டது. காரணத்தை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. அவன் மேஸ்திரி இன்னாசி மட்டும், "ஊட்டாண்ட போய் இரு. வெள்ளிக்கெயம வெசாரண. அதுக்கு மின்ன இந்தப் பக்கம் தல காட்டாத" என்று சொல்லி, முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

இரமாபாயை மனிதவளப் பிரிவின் தலைவி வசுந்தரா அழைத்தார். பெசன்ட் நகரிலிருந்து நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருபவர் அவர். பெண்களைக் கிரேனில் ஏற்றுவதென்ற திட்டத்துக்காக மேலதிகாரிகளுடன் ஓராண்டு வாதாடியவரும் அவரே. பதிவேட்டின் நகலை மேசைமீது திருப்பி வைத்தார்.

"இது நீங்க பேசினதுதானா ரமா?"

இரமாபாய் படித்தாள். எழுத்தில் பார்த்தபோது அது அவளுக்கே வேறு யாரோ பேசியதுபோல் தோன்றியது. மேனேஜர் போய்க்கட்டும். யாரும் இல்ல. அலுங்காம அபேஸ் பண்ணு.

"பேசினதுதான் மேடம். ஆனா இதுக்கு அர்த்தம்..."

"ஒரு நிமிஷம். நீங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன்." வசுந்தராவின் குரல் தாழ்ந்தது. "மேனேஜர் அந்த நேரத்துல அந்தப் பக்கம் போனதை அவரே ஒத்துக்கறார். வால்வு காணோம். இதுல நீங்க என்ன விளக்கம் சொன்னாலும் ரெக்கார்டுக்குப் போகும். அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்குன்னு சொன்னீங்கன்னா, ஒப்புதல் இல்லாத வார்த்தையை ரேடியோவில பேசினேன்னு ஆயிடும். திங்கட்கிழமை டெஸ்ட் கிடையாது. மறுபடி கிரேன்ல ஏறவே முடியாமப் போகலாம்."

"பேசாம இருந்தா?"

"பேசாம இருந்தா ரெண்டு பேர் மேலயும் சந்தேகம்." அவர் ஒரு தட்டச்சுத் தாளை நகர்த்தினார். "நான் உங்களை இழக்க விரும்பலை. நாலு பேர்ல நீங்கதான் மிச்சம். இதைப் படிச்சுப் பாருங்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள்ள."

தாளில் இரண்டே வரிகள் இருந்தன: பரசுராமனிடம் கேட்டுப் பழகிய அச்சொல்லின் பொருள் எனக்குத் தெரியாது. கீழிருந்து பெற்ற கட்டளைப்படி கிரேனை இயக்கினேன்.

அன்று மாலை மூலக்கடையில் பேருந்து நின்றுவிட்டது. எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். சடையங்குப்பத்தில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டதென்று பேருந்தில் பேசிக்கொண்டார்கள். இரமாபாய் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாரியத்துக் குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கு ஏறினாள். வீட்டுக்குள் புத்தர் படத்துக்கும் நீலக்கோட்டு அணிந்த அம்பேத்கர் படத்துக்கும் கீழே, பழைய செய்தித்தாளைப் பரப்பி, பரசுராமன் காரப்பொடி மீனைக் கழுவிக் குடல் நீக்கிக்கொண்டிருந்தான். குழம்புக்கான புளி கரைத்து ஆயத்தமாக இருந்தது.

"இன்னாமே, இவ்ளோ நேரம்?"

"பஸ்ஸு ஏது? மூலக்கடைல எறங்கி நடந்து வந்துகினு கீறேன். நீ எதுக்கு மீன் ஆய்ஞ்சிகினு கீற?"

"வேற இன்னா வேல எனக்கு? ஊட்ல குந்திகினு மோட்டுவளைய பாக்கவா? அந்தம்மா இன்னா சொல்ச்சி?"

அவள் தாளை நீட்டினாள். அவன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி இரண்டு முறை படித்தான்.

"சோக்கா எய்திக்கீறாங்க. பொருள் எனக்குத் தெரியாது. பத்து வருசம் என்னாண்ட குடித்தனம் பண்ணிகினு, அபேஸுக்குப் பொருள் தெரியாதாமா?"

"சிரிக்காத."

"சிரிக்கல. போட்டுக் குடுத்துடு."

"இன்னாது?"

"கையெய்த்து போட்டுக் குடுத்துடுன்றேன். உனுக்கு திங்கக்கெயம டெஸ்ட்டு."

"யோவ், உனுக்கு மூள கீதா? நான் இதுல கையெய்த்து போட்டா நீ திருடன். தெர்தா? எய்த்துல திருடன்."

"நான் காசிமேட்டுல போய் ஐஸ் ஒடைப்பேன். ஹார்பர்ல எறங்கிடுவேன். எனுக்கா வேல இல்ல?"

"இன்னாசி ஒரு போன் போட்டார்னா இந்த ரோட்டுல எந்த கேட்டுல உன்ன உடுவான்? ஏற்கெனவே எம்.கே.பி. நகர்னு அட்ரஸ் சொன்னா, ஒரு தபா ஏற எறங்கப் பாக்கறான். வாய்ல சொன்னதுக்கே இப்டி. இப்ப காயிதத்துலயும் வந்துட்டா?"

பரசுராமன் ஒரு மீனை எடுத்து, வாலைக் கிள்ளிச் சட்டியில் போட்டான். அடுத்ததை எடுத்தான்.

"நீ தரை கூட்டிகினு இருந்தப்ப, மேல பாத்துகினே கூட்டுவ. நான் பாத்துக்கீறேன்" என்றான். "ஒரு நாளு ஹூக்கு போற பக்கமே தல திருப்பிகினு போய் தூண்ல முட்டிகின. ஞாபகம் கீதா? ஒருத்தராவது மேல போவட்டும்மே. ரெண்டு பேரும் கீய நின்னு இன்னா பண்ணப் போறோம்?"

"மேல குந்திகினு, கீய உன் எடத்துல வேற எவனாவது நிக்கறத பாக்கணுமா நானு?"

"பாரு. பயகிடும்."

"பயகாது."

அப்போது கீழ்வீட்டில் விளையாடிவிட்டு வந்த அவர்கள் மகள் ஷாலு, ஈரத்தலையுடன் வாசலில் நின்றாள். மூன்றாம் வகுப்புப் படிப்பவள். தந்தையையும் செய்தித்தாளில் கிடந்த மீனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நைனா, நீ இன்னாத்த அபேஸ் பண்ண?"

"யார் சொன்னா உனுக்கு?"

"கொயாயடில கெங்கம்மா ஆயா கேட்டுச்சி. உங்கப்பன் கம்பெனில இன்னாமோ அபேஸ் பண்ட்டானாமேன்னு."

பத்து வருடங்களாக ஒவ்வொரு நாளும் நூறு முறை சொன்ன சொல்லுக்கு பரசுராமனால் தன் மகளிடம் பொருள் சொல்ல இயலவில்லை. செய்தித்தாளைச் செதிலோடு சுருட்டிக்கொண்டு எழுந்து, மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டான். தண்ணீருக்குள் அவன் நடக்கும் சத்தம் சிறிது நேரம் கேட்டது.

"அபேஸ்னா மேல ஏத்தறதுடி" என்றாள் இரமாபாய். "உங்க நைனா மேல ஏத்தறவரு. கெங்கம்மா ஆயா கேட்டா அப்டியே சொல்லு." பிறகு அடுப்பைப் பற்றவைத்தாள். குழம்பில் இரண்டு முறை உப்பிட்டதை பரசுராமன் திரும்பிவந்து மூவரும் உண்ணும்போதுதான் உணர்ந்தார்கள்.

வியாழக்கிழமை அவள் காலை முறையை முடித்துக்கொண்டு நேரே இராயபுரம் சென்றாள். மாதா கோயிலின் பின்தெருவில் ஜார்ஜின் வீடு. இருபத்திரண்டு ஆண்டுகள் துறைமுகத்திலும் எட்டாண்டுகள் ஓர்ன்வாலிலும் கிரேன் ஓட்டியவர் அவர், தேர்வாளரும் அவரே. அன்று அவருக்கு விடுமுறை. மழைக்கு ஒழுகிய ஓட்டின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டு வந்து, ஈர பனியனோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஆலிஸ் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"நீ எதுக்கு வந்துக்கீறேன்னு தெரியும்மா" என்று அவரே தொடங்கினார். "ஆனா என்னாண்ட அத்த கேக்காத."

"நாளிக்கி வெசாரணைல ஒரே ஒரு வார்த்த சொன்னா போதும்ணே. அபேஸ்னா இன்னான்னு."

"நான் சொல்லிட்டா, ஜார்ஜ், உனுக்கு எப்டித் தெரியும்பான். நானும் அப்டித்தான் பேசறேன்னு ஆய்டும். அந்த பேப்பர்ல மொத கையெய்த்து என்துமா. எக்ஸாமினரு. நானே எல்லாருக்கும் கிளாஸ் எடுத்துக்கீறேன், ஹாய்ஸ்ட்டு லாயருன்னு."

"போன வாரம்கூட மேலருந்து ஆரியாவான்னு நீங்கதான கேட்டீங்க?"

"கேட்டேன். அத்த எவன் எய்தி வச்சான்? உன்த எய்தி வச்சுட்டான். அதான் விசயம்." அவர் தேநீரைக் கையில் எடுத்துக் குடிக்காமலே வைத்தார். "ரிடயராவ ரெண்டு வருசம் கீது எனுக்கு. என் பையன் ஜெரிக்கு அங்கியே அப்ரன்டீஸ் கேட்டு வச்சிக்கீறேன். பரசு நல்ல புள்ள. தெரியாதா எனுக்கு? அவன் வடம் மாட்டினா நான் கண்ண மூடிகினு ஏத்துவேன். ஆனா நாளிக்கி கேட்டாங்கன்னா தெரியாதுன்னுதான் சொல்வேன். மின்னாலயே சொல்டறேன். மனசுல வச்சிக்காத."

கதவோரம் நின்ற ஆலிஸுக்குப் பொறுக்கவில்லை. "தெரியாதாம்ல! நேத்து பரண்லருந்து மாவுத்தூக்க நான் எறக்க சொல்லோ, கீய குந்திகினு ஆரியா ஆரியான்னு கத்திச்சு இந்த ஆளு. இட்லி சட்டிக்குகூட ஆரியாதான். வேற பாஷ இன்னா தெரியும் இதுக்கு?"

"நீ சும்மா இரு ஆலிஸு."

"நான் சும்மாதான் இருக்கேன். பூசைல போய் முட்டி போடும்போது நீயும் சும்மா இருப்பியான்னு பாக்கறேன்."

இரமாபாய் தேநீரைக் குடித்து முடித்துக் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். வாசல்வரை வந்த ஆலிஸ் அவளுக்கு ஒரு குடையைக் கொடுத்தார். அது ஜார்ஜின் குடை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி முதற்கொண்டே பரசுராமன் தொழிற்சாலை வாயிலுக்கு எதிர்ப்புறத்தில், தேநீர்க்கடையின் தார்ப்பாய்க்கடியில் நின்றிருந்தான். அழைத்தால் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அழைக்கவில்லை.

விசாரணை அறையின் குளிரூட்டியில் ஈரப்புடவை உடலோடு ஒட்டி இரமாபாய்க்குப் பல் கிட்டியது. மேசையின் அப்புறம் வசுந்தராவும் காவல் பிரிவு அதிகாரியும் இருந்தார்கள். ஓரத்தில் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி மாசானம். சாட்சி என்ற முறையில் ஜார்ஜ். மேசைமேல் அந்தத் தாளும், மூடி கழற்றிய பேனாவும்.

இரமாபாய் பேனாவைத் தொடவில்லை.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும் மேடம். அபேஸ்னா மேல ஏத்து. நான்தான் மொதல்ல கேட்டேன், அபேஸ் பண்ணட்டான்னு. அவர் பதில்தான் சொன்னார். மேனேஜர் மேல பாரம் பட்டுடக் கூடாதுன்னுதான் அவர் போற வரிக்கும் நிறுத்தி வச்சார். பேசக் கூடாத பேச்ச பேசினது தப்புதான். அந்தத் தப்பு என்துதான். ஆனா அது திருட்டு இல்ல."

வசுந்தரா கண்களை மூடித் திறந்தார். நடுவில் எத்தனையோ படிகளை ஏறிக் கடந்து, கடைசிப் படியில் கால் இடறியவரைப் போன்று இருந்தது அவர் முகம். பிறகு ஜார்ஜின் பக்கம் திரும்பினார். "நீங்க முப்பது வருஷம் கிரேன் ஓட்டினவர். இவங்க சொல்ற அர்த்தத்துல இந்த வார்த்தையைக் கேட்டிருக்கீங்களா?"

"எனக்குத் தெரியாதுங்க மேடம்" என்றார் ஜார்ஜ், தம் தலைக்கவசத்தைப் பார்த்துக்கொண்டு.

காவல் அதிகாரி தம் குறிப்பை முடித்துப் பேனாவை மூடினார். அறையில் இருந்தவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டதென்றே தோன்றியது. இரமாபாய் மட்டும் உட்காரவில்லை.

"மேடம், ஒரே ஒரு தடவ மூணாம் கூடத்துக்கு வாங்க. ஜார்ஜண்ணே கிரேன்ல ஏறட்டும். நான் கீழருந்து ரேடியோல பேசறேன். அந்த வார்த்த அவருக்குத் தெரியாதுன்னா கிரேன் அசங்காது. அசங்கலன்னா, நீங்க எழுதின காகிதத்துல அப்டியே கையெழுத்துப் போட்டுடறேன்."

"ரமா, வேண்டாம்."

"அஞ்சு நிமிஷம் மேடம்."

மழை வலுத்திருந்தது. கூடத்தின் தகரக்கூரை இடைவிடாது முழங்கிற்று. கலாசிகள் கையிலிருந்ததை வைத்துவிட்டுத் தூண்களோரம் ஒதுங்கினர். ஜார்ஜ் ஏணியில் ஏறினார். வழக்கத்தை விட மெதுவாக ஏறினார் என்று பின்னர் பலர் சொன்னார்கள். இரமாபாய் ஓர் உருளைக்குத் தானே வடம் மாட்டி, இழுத்துப் பார்த்து, பாரத்தின் அருகில் யாரும் இல்லையென்று சுற்றும் முற்றும் பார்த்தாள். கருவியை வாயருகே கொண்டுபோனாள்.

"ஹாய்ஸ்ட்."

உருளை தரையை விட்டு எழுந்தது. இடுப்பளவு உயர்ந்தது.

"ஸ்டாப்."

நின்றது. எட்டு டன் இரும்பு அசைவற்றுத் தொங்கியது. அவள் தூணருகே சென்று, உருளையின் விளிம்புக்கு நேராகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்தாள். மாசானத்தைக் கையசைத்து அழைத்து, அக்கோட்டின் எதிரே நிறுத்தினாள். பின்னர் தன் இடத்துக்கு மீண்டு, அண்ணாந்து பார்த்தாள். மேலே கூண்டுக் கண்ணாடியில் மழை வெளிச்சம் பட்டு ஜார்ஜின் முகம் தெரியவில்லை.

"அண்ணே" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. "ரெண்டு நூலு அபேஸ்."

நூல் என்பது அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு. இரண்டு நூல் என்றால் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூடத் தேறாது. அந்த அளவுக்கு ஏற்றுவதற்குக் கை அசைந்த கணத்திலேயே மீள வேண்டும். யோசிப்பவனால் அது ஆகாது.

ஒன்றும் நிகழவில்லை. கூரை முழங்கிக்கொண்டிருந்தது. வசுந்தரா தம் கையிலிருந்த தாளை மடித்தார், மீண்டும் பிரித்தார். காவல் அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது மேலே சங்கிலிப் பல்சக்கரம் 'டக்' என்று ஒருமுறை ஒலித்தது.

மாசானம் குனிந்தார். சுண்ணக்கோட்டுக்கும் உருளையின் விளிம்புக்கும் நடுவே இப்போது ஓர் இடைவெளி இருந்தது. அவர் பேனாவை அதில் வைத்துப் பார்த்தார். இடைவெளி பேனாவின் தடிமனுக்குச் சற்றே குறைவு.

"கால் இஞ்சு ஏறியிருக்கு சார்" என்றார் அதிகாரியிடம். "நான் எழுதுனது தப்பு சார். அந்தம்மா சொல்லுததுதான் சரி. நான்லா தப்பா எழுதிப்புட்டேன்."

ஜார்ஜ் இறங்கிவந்தார். தெரிந்தே செய்தாரா, கை தன்னையறியாமல் செய்ததா என்பதை அவர் இன்றளவும் சொன்னதில்லை. இரமாபாயின் அருகே ஒரு கணம் நின்றார். "கை போய்டுச்சுமா" என்றார். அவ்வளவே. பிறகு, "என் கொடய ஆலிஸு உன்னாண்ட குடுத்துச்சாமே, அத்த எப்ப தருவ?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

பரசுராமனின் அட்டை அன்று நண்பகலே திரும்பக் கிடைத்தது. வால்வுகள் கிடைக்கவில்லை. ஜார்ஜ் தேர்வாளர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். கிரேன் அவரிடமே இருந்தது. இரமாபாயின் தேர்வு ஆறு மாதங்கள் தள்ளிவைக்கப்பட்டது. அதுவரை கூண்டில் ஏறாமல், கீழே நின்று குறிப்புச் சொல்லும் பணி. அவளைக் கிரேனிலிருந்து அறவே விலக்க வேண்டும் என்று எழுந்த கருத்தை வசுந்தரா எதிர்த்து எழுதினார் என்று அலுவலகத்தில் பேச்சு. தூணில் இருந்த அவள் வண்ணப்படம் அகற்றப்பட்டு, அவ்விடத்தில் தமிழில் ஒரு புதிய தாள் ஒட்டப்பட்டது. கருவியில் பயன்படுத்தக் கூடாத சொற்கள்: அபேஸ், ஆரியா, பஸ்.

பரசுராமன் அதன் எதிரே நின்று கூட்டிப் படித்தான். "நம்ம பாஷ அச்சுல வந்துக்கீது பாருமே."

"கூடாதுன்னு போட்டுக்கீறான்யா."

"போடட்டும். பேர் சொல்லிக் கூப்ட்டான் இல்ல?"

திங்கட்கிழமை, தேர்வு நடந்திருக்க வேண்டிய நேரத்தில், மீண்டும் மழை. பரசுராமன் வடம் மாட்டி விலகினான். இரமாபாய் கருவியை எடுத்தாள்.

"ஹாய்ஸ்ட்" என்றாள்.

கொக்கி அசையவில்லை.

"ஹாய்ஸ்ட்!"

கூரையின் முழக்கத்தை ஊடுருவிக்கொண்டு மேலிருந்து ஜார்ஜின் குரல் வந்தது. அது கூடம் முழுவதும் கேட்டது. வாயிலருகே கட்டுப்பாட்டு அறையிலும் கேட்டது. "மயைல ஒரு எயவும் கேக்கலமா. புரியற மாரி சொல்லு."

இரமாபாய் தூணில் இருந்த தாளைப் பார்த்தாள். பரசுராமனைப் பார்த்தாள். அவன் தலையை அசைக்கவில்லை. பாரத்தின் அருகில் எவரும் இல்லையென்று மட்டும் கையை விரித்துக் காட்டினான். அவள் கருவியின் பொத்தானை அழுத்தினாள்.

கட்டுப்பாட்டு அறையில் மாசானம் அவள் சொன்னதைக் கேட்டார். பேனாவை எடுத்துச் சிறிது நேரம் யோசித்தார். 'தூக்கு' என்று தொடங்கினார். அச்சொல்லைக் கலாசிகள் சொல்லமாட்டார்கள் என்று யாரோ கூறியது நினைவுக்கு வந்து, அதை அடித்தார். பிறகு பதிவேட்டில் தம் உருண்டையான எழுத்தில் எழுதினார்:

மூன்றாம் கூடம். பிற்பகல் 3.10. நல்ல மழை. பெண்: ஏற்றுங்கள். பாரம் ஏறியது.